பக்கத்தில் ஆள் நின்றால் வராத சிறுநீர்

ஒருவருக்கு வீட்டில் எந்தச் சிக்கலும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டால் தாராளமாகப் போகிறது. ஆனால் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையக் கழிப்பறையில் இரண்டு பக்கமும் ஆள் நின்று, பின்னால் இன்னொருவர் காத்திருந்தால் ஒரு சொட்டுகூட வருவதில்லை. அடிவயிறு கனக்கிறது, வலிக்கிறது, நெற்றி வியர்க்கிறது, அப்போதும் வராது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, போய்விட்டது போல் காட்டிக்கொண்டு, கையைக் கழுவி வெளியே வந்துவிடுகிறார். வீடு போய்ச் சேரும்வரை அடக்கியபடியே இருக்கிறார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இப்படி இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மருத்துவத்தில் இதற்குப் பாருரெசிஸ் என்று பெயர். 1954-இல் வில்லியம்ஸ், டெகன்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1,419 கல்லூரி மாணவர்களிடம் கேட்டு எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். எப்போதாவதோ தொடர்ந்தோ தங்களுக்கு இப்படி நேர்ந்திருப்பதாக அவர்களில் 14.4 சதவீதம் பேர் சொன்னார்கள். எப்போதாவது ஒரு நிமிடம் தடுமாறுவது வேறு, இதனால் வேலையையே விடுவது வேறு. இரண்டும் ஒரே வரிசையில்தான் வருகின்றன, முன்னதில் ஆட்கள் அதிகம், பின்னதில் குறைவு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோய் வகைப்பாட்டு நூல், சமூகப் பதற்றக் கோளாறு என்ற தலைப்பின் கீழ் இதையும் சொல்கிறது. மேடையில் பேச நடுங்குவது, பிறர் முன்னால் சாப்பிடத் தயங்குவது ஆகியவற்றின் பக்கத்தில் இதற்கும் இடம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிக்கல் உள்ள பலர் மற்ற எதிலும் கூச்சப்படாதவர்கள். ஊர்க் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுவார்கள், கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்யப் பத்துத் தெரு நடப்பார்கள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பூட்டிக்கொள்வது இந்த ஒரே ஒரு இடத்தில்தான். அதனால்தான் "நீயா கூச்சப்படுற?" என்று யாரும் நம்புவதில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிறுநீரகங்கள் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரைப் பிரித்து அனுப்புகின்றன. சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400 முதல் 600 மில்லி வரை பை தாங்கும். பையின் வாயில் இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நம் கட்டளைக்கு அடங்காது, தானாக இயங்கும் நரம்புகள்தான் அதை இறுக்கும், தளர்த்தும். வெளியே இருப்பதை நாம் நினைத்தால் இறுக்கலாம். பஸ்ஸில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேலை செய்வது அதுதான். சிறுநீர் வர வேண்டுமென்றால் பையின் சுவரில் உள்ள தசை சுருங்க வேண்டும், அதே சமயம் இரண்டு சுருக்குத்தசைகளும் தளர வேண்டும். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் உள்ள மையம் ஒன்று இந்த இரண்டையும் சேர்த்து நடத்துகிறது. இந்த இடத்தில் இப்போது போகலாமா என்று முடிவு செய்வது அதற்கு மேலே இருக்கும் முன்மூளை.

பதற்றம் வந்ததும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை நனைகிறது. அதே நரம்புகள்தான் சிறுநீர்ப்பைச் சுவரைத் தளர்த்தி, உள்சுருக்குத்தசையை இறுக்குகின்றன. ஆபத்து நேரத்தில் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்யும் ஏற்பாடு இது, அந்த நேரத்தில் சிறுநீர் கழிப்பது அவசியமில்லை. போதாக்குறைக்கு, பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் நமக்குத் தெரியாமலே இறுகிவிடுகின்றன. இப்போது வயிற்றை எக்கி முக்கினால் என்ன ஆகும்? மேலிருந்து அழுத்தம் கூடும், கீழே இன்னும் இறுகும். தூக்கம் எப்படியோ அப்படித்தான் இதுவும். வா வா என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தால் விடிய விடிய வராது. மன உறுதி போதாமல் இது வருவதில்லை. மன உறுதியால் தீர்வதும் இல்லை. "கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று சொல்பவர்கள் தெரியாமல் கெடுதல்தான் செய்கிறார்கள்.

பக்கத்தில் ஆள் நிற்பது எல்லாருக்குமே கொஞ்சம் தடையாகத்தான் இருக்கிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1976-இல் மிடில்மிஸ்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆண்கள் கழிப்பறை ஒன்றில் 60 பேரைக் கவனித்தார்கள். தனியாக நின்றவர்களுக்குச் சிறுநீர் தொடங்கச் சராசரியாக 4.9 நொடி பிடித்தது. ஓர் இடம் விட்டு ஆள் நின்றபோது 6.2 நொடி, ஒட்டி நின்றபோது 8.4 நொடி. ஆட்களுக்குத் தெரியாமல் பெரிஸ்கோப் வைத்துப் பார்த்த ஆய்வு அது. செய்தது சரியில்லை என்று அப்போதே கடுமையான கண்டனம் எழுந்தது, எனக்கும் அதே கருத்துதான். ஆனாலும் அந்த எண்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றன. பாருரெசிஸ் உள்ளவருடைய உடம்பு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டதல்ல. எல்லாருக்கும் சில நொடி நீடிக்கும் தயக்கம் அவருக்குப் பல நிமிடமாகவோ முழுத் தடையாகவோ ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

எப்படித் தொடங்குகிறது என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பெரும்பாலும் பள்ளி வயதில், பதின்பருவத்தில். மணியடித்ததும் ஐம்பது பையன்கள் ஒரே நீளச் சுவரின் முன்னால் முண்டியடிக்கும் இடைவேளை, பின்னாலிருந்து தள்ளிவிட்டு ஒருவன் சிரித்தது, "என்னல, இன்னும் வரலியா?" என்ற ஒரு கேலி. சிலருக்கு அப்படி எந்த நிகழ்ச்சியும் நினைவில் இல்லை. முதல் தடவை வராமல் போனதும் மனம் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை உள்ளே போகும் முன்பே "இப்பவும் வராதோ" என்ற பயம் வந்து நிற்கிறது, அந்தப் பயமே அடைத்துவிடுகிறது. பிறகு அந்த இடத்தையே தவிர்க்கிறார். தவிர்த்ததும் நிம்மதி வருகிறது, அந்த நிம்மதி தவிர்ப்பைப் பழக்கமாக்குகிறது. வருடங்கள் போகப் போக, போக முடிந்த இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

பெண்களுக்கும் இது உண்டு. அவர்களுக்குத் தடை பெரும்பாலும் கதவுக்கு வெளியே காத்திருப்பவர், அல்லது சத்தம் கேட்டுவிடுமோ என்ற எண்ணம். இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தலையில் மீன் கூடையோடு ஊர் ஊராகப் போகிற பெண்ணோ, காலையிலிருந்து இரவு வரை துணிக்கடையில் நிற்கிற பெண்ணோ நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்தால், முக்கால்வாசி காரணம் போக இடம் இல்லாததும், இருக்கிற இடத்தில் தாழ்ப்பாளோ தண்ணீரோ இல்லாததும்தான். அது நோய் அல்ல, நம் ஊர்கள் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதைக் கட்டடமும் தண்ணீரும் தீர்க்கும். சுத்தமான, பூட்டக்கூடிய கழிப்பறை கிடைத்தும் வெளியே ஆள் இருக்கிறார் என்பதற்காகவே வரவில்லை என்றால்தான் அது பாருரெசிஸ். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் பாரம் கூடுதல் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் இங்கே பிழைப்பு என்றாலே ஊரைவிட்டுப் போவது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். பல விசைப்படகுகளில் தனிக் கழிப்பறை என்று ஒன்று கிடையாது, பத்துப் பேருக்கு மேல் இருக்கும் படகில் ஓரத்தில் நின்றுதான் எல்லாம். வளைகுடா நாடுகளில் ஒரே அறையில் பலர், ஒரு கழிப்பறைக்கு வெளியே விடிகாலையில் வரிசை. நாகர்கோவிலில் ஏறி இரவெல்லாம் சென்னைக்குப் போகும் பஸ்ஸில், மோட்டலில் நிறுத்தும் பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் இறங்குகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் அடுத்த நிறுத்தம் எங்கேயோ. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயில்களையும் ஓடிச் சுற்றும் சிவாலய ஓட்டம் என்று கூட்டத்துக்கும் குறைவில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போன மாப்பிள்ளை, மாமனார் வீட்டு ஹாலை ஒட்டிய பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு வெளியே கேட்கும் பேச்சுக்குரலால் தவிப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

இவை எல்லாவற்றையும்விட ஆட்களைக் கலங்கடிப்பது வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல். வளைகுடாவுக்குப் போக வேண்டுமென்றால் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "சீக்கிரம் கொண்டு வாங்க" என்பார்கள். வெளியே பத்துப் பேர் நிற்பார்கள். விசாவுக்கும் ஏஜென்ட்டுக்கும் வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டியவருக்கு அந்த டப்பா எவ்வளவு பெரிய மலை என்று, இந்தச் சிக்கல் இல்லாதவர்களுக்குப் புரிவது கடினம். வெறும் டப்பாவோடு வெளியே வருபவரைப் பார்த்து, எதையோ மறைக்கிறார் என்றுகூட நினைத்துவிடுவார்கள்.

இதை மறைத்து வாழ்பவர்கள் எல்லாருமே ஏறக்குறைய ஒரே வழியைத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. காலையில் ஒரு கட்டன் சாயா, அப்புறம் வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இது கெடுதல். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். நீண்ட நேரம் தேக்கி வைத்தால் கிருமித்தொற்று வரலாம். எரிச்சல் வந்ததும் நீர்க்கடுப்பு என்று வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் குடிக்கிறார்கள், கிட்னி வீக் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வாழைத்தண்டு சிறுநீரைக் கூட்டலாம், பக்கத்தில் நிற்பவரை அது அகற்றாது. இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு பெக் உள்ளே போனால் எளிதாக வருகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பயணத்துக்கும் முன்னால் குடிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு பிரச்சினை இரண்டாகிறது.

பள்ளிக்கூடப் பிள்ளை தண்ணீர் பாட்டிலை நிறைத்தபடியே திரும்பக் கொண்டு வந்தால், திட்டாமல் மெதுவாகக் கேளுங்கள். "ஏன் மக்களே தண்ணி குடிக்கல? ஸ்கூல்ல பாத்ரூம் போக முடியலியா?" என்ற ஒரு கேள்வி பல வருடத் துன்பத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும்.

எது பாருரெசிஸ் அல்ல

சிறுநீர் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றைத் தவறவிடக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் ஆணுக்குப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்க்குழாயில் தழும்பால் ஏற்படும் அடைப்பு, பல வருடச் சர்க்கரை நோயால் நரம்பு தளர்வது, முதுகுத்தண்டுப் பாதிப்பு, கிருமித்தொற்று. சில மருந்துகளும் அடைக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள், பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் இதில் சேரும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: வீட்டில், தனியாக, அவசரமில்லாமல் இருக்கும்போது எப்படிப் போகிறது? தாராளமாக, தடையில்லாமல் போகிறது, வெளியே ஆள் இருந்தால் மட்டும் நிற்கிறது என்றால் குழாயிலும் பையிலும் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. வீட்டிலும் மெலிந்த ஓட்டம், சொட்டுச் சொட்டாக, இரவில் பலமுறை எழுவது, ரத்தம், காய்ச்சல் என்றால் அது வேறு கதை, முதலில் சிறுநீரியல் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் பல மணி நேரம் ஒரு சொட்டும் போகாமல் அடிவயிறு புடைத்து வலி தாங்க முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போய் டியூப் போட்டு வெளியேற்ற வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எப்படி மீள்வது

இதற்கென்று தனி மாத்திரை இல்லை. பொதுவான பதற்றமோ மனச்சோர்வோ கூட இருந்தால் செர்ட்ராலின் போன்ற மருந்துகளை மனநல மருத்துவர் கொடுப்பார், அவை மனத்தின் மொத்தப் பதற்றத்தைக் குறைக்கும். ஆனால் பாருரெசிஸைக் கழற்றுவது பயிற்சிதான். பயப்படும் சூழ்நிலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது. படிப்படியாக எதிர்கொள்ளல் என்று சிகிச்சையாளர்கள் சொல்லும் இந்த முறைதான் இதில் அதிகம் கைகொடுத்திருக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச பாருரெசிஸ் சங்கம் வார இறுதிப் பட்டறைகளில் சொல்லித் தருவதும் இதைத்தான். ஒரு படி பழகியபிறகே அடுத்தது. எடுத்த எடுப்பில் சவேரியார் திருவிழாக் கூட்டத்துக்குள் போய் நின்று, வராமல் திரும்பி, "எனக்கு இது சரிவராது" என்று முடிவு கட்டுபவர்கள் பலர். அது பயிற்சி அல்ல, பயத்துக்கு இன்னொரு சாட்சி சேர்ப்பது.

முதலில் ஒரு பட்டியல் போட வேண்டும். எந்தச் சூழ்நிலையில் எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதுங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்தாமல் போவது ஒன்றாக இருக்கலாம். வீட்டில் விருந்தாளி இருக்கும்போது போவது மூன்று. ஆள் குறைவான பெட்ரோல் பங்கின் கழிப்பறை நான்கு. தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்து, அதே தியேட்டரில் இடைவேளையில் எட்டு. ஒரே இடம் நேரத்தைப் பொறுத்து இரண்டு படிகளாக அமைவது பயிற்சிக்கு வசதி. பேருந்து நிலையத்தில் வரிசையில் நிற்பது பத்து. இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குச் சத்தம்தான் பிரச்சினை, சிலருக்குத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்பது, சிலருக்கு அவசரப்படுத்துவது. எது அடைக்கிறது என்று கண்டுபிடிப்பதே பட்டியலின் வேலை.

அப்புறம் நம்பகமான ஒரு சேக்காளி வேண்டும். அண்ணனோ, மனைவியோ, பள்ளிக்கால நண்பனோ, கேலி செய்யாத ஒருவர். அவரிடம் சொல்வதுதான் பலருக்கு முதல் படி, சொல்லி முடித்ததும் பாரம் பாதி இறங்கிவிடுவதும் உண்டு, ஏனென்றால் இத்தனை நாள் சிறுநீரோடு ரகசியத்தையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தார்.

பயிற்சி நாளில் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றாக முட்டும்வரை காத்திருக்க வேண்டும். பத்துக்கு ஏழு எட்டு அளவுக்கு அவசரம் இருந்தால்தான் உடம்பு துணைக்கு வரும். ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் போதும், அதையும் நிதானமாகக் குடிக்க வேண்டும். மூன்று நான்கு லிட்டரை ஒரேயடியாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். சேக்காளியை முதலில் வாசலுக்கு வெளியே, தேவையானால் தெருமுனையில் நிறுத்துங்கள். உள்ளே போய்ச் சிறுநீர் வரத் தொடங்கியதும் மூன்று நொடியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூன்று நிமிடம் கழித்து அவர் ஓர் அடி நெருங்கி நிற்க, மறுபடியும் போங்கள். பையைக் காலி செய்யாமல் மிச்சம் வைப்பதன் காரணம் இதுதான்: ஒரே மாலையில் பல தடவை வெற்றி பெறலாம். ஒரு முறை வரவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நின்று முக்கக் கூடாது. வெளியே வந்து கொஞ்சம் நடந்து, சேக்காளியை இரண்டடி பின்னால் போகச் சொல்லி மறுபடி முயலுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பலருக்குத் தெளிவான முன்னேற்றம் தெரிகிறது. முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது. ஊர்த்திருவிழா, பரீட்சை, தூக்கமில்லாத பயணம் என்று ஏதாவது வந்தால் பழையபடி அடைக்கும். அப்போது பட்டியலில் இரண்டு படி இறங்கி அங்கிருந்து ஏறினால் போதும், அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் போவது, எல்லாரும் போகும்வரை அறைக்குள் காத்திருப்பது போன்ற உத்திகளைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கடைசிவரை வைத்துக்கொண்டால் அவையே ஊன்றுகோலாகி, குழாய் இல்லாத இடத்தில் கைவிட்டுவிடும்.

மூச்சடக்கும் முறை ஒன்றும் உண்டு. மூச்சை முக்கால்வாசி வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, நாற்பது நாற்பத்தைந்து நொடி இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு கூடி, இடுப்புத்தளம் தானாகத் தளர்ந்து சிறுநீர் வந்துவிடுகிறது என்று இதைப் பழகியவர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு இது பெரிய விடுதலையாக அமைந்திருக்கிறது. ஆனால் இதைப் பற்றிப் பெரிய ஆய்வுகள் நடந்ததில்லை. முதலில் வீட்டில் உட்கார்ந்த நிலையில், பத்து நொடி, இருபது நொடி என்று பழக வேண்டும். இதயநோய், நுரையீரல் நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் திடீரெனப் பீதி வரும் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மனத்துக்குள் ஓடும் பேச்சையும் கவனிக்க வேண்டும். "பக்கத்தில் நிற்பவன் என்னையே கவனிக்கிறான், எனக்கு வரவில்லை என்று கண்டுபிடித்துவிடுவான்" என்பதுதான் பெரும்பாலும் அந்தப் பேச்சு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் சிகிச்சையாளர் இந்த நினைப்பை எடுத்து வைத்துச் சோதிக்கச் சொல்வார். போன வாரம் உங்கள் பக்கத்தில் நின்றவருக்கு எவ்வளவு நேரம் ஆனது? அவர் முகம் நினைவிருக்கிறதா? இருக்காது. அவருக்கும் உங்களை நினைவிருக்காது. இது தெரிந்தால் மட்டும் பயம் போய்விடாது, ஆனால் பயிற்சிக்கு இது நல்ல துணை.

பயிற்சி பலன் தரும்வரை ஒரு நீண்ட விமானப் பயணமோ தவிர்க்க முடியாத வேறு சூழ்நிலையோ வந்தால், சிறுநீரியல் மருத்துவரிடம் கேட்டுத் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தானே செலுத்தி வெளியேற்றக் கற்றுக்கொள்ளலாம். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் பலர் தினமும் செய்வது இதுதான். சுத்தமாகச் செய்யாவிட்டால் தொற்று வரும் என்பதால், செவிலியர் சொல்லிக் கொடுக்காமல் யாரும் செய்யக் கூடாது. கைப்பையில் கதீட்டர் இருக்கிறது என்ற தைரியத்திலேயே அது தேவைப்படாமல் போனவர்களும் உண்டு.

இடம் கொடுக்க வேண்டியவர்கள்

பாதிக்கப்பட்டவர் மட்டும் மாறினால் போதாது. பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் ஆண்கள் நிற்கும் இடங்களுக்கு நடுவே தோள் உயரத் தடுப்பு வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. அறைக் கதவு தரைவரை இருப்பதும் தாழ்ப்பாள் சரியாக விழுவதும் ஆடம்பரம் இல்லை. கிராமப் பள்ளிகளில் இடைவேளைக்கு மட்டும் அல்லாமல், பாட நேரத்திலும் கேட்ட பிள்ளையை அனுப்பும் ஆசிரியர் தெரியாமலே ஒரு சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார்.

ஆய்வகத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. "அவசரமில்ல அண்ணே, தண்ணி குடிச்சிட்டு மெதுவா கொண்டு வாங்க" என்று ஒரு வார்த்தை. சாதாரணப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்தே எடுத்து வரச் சொல்லலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் போதைப்பொருள் பரிசோதனை விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது: உடனே சிறுநீர் கொடுக்க முடியாதவருக்கு 3 மணி நேரம் வரை அவகாசமும், சுமார் 1.2 லிட்டர் வரை குடிக்கப் பானமும் தர வேண்டும். அதற்குப் பிறகும் முடியாவிட்டால் மருத்துவர் ஒருவர் பரிசோதித்துக் காரணம் சொல்ல வேண்டும். ஓட்டுநர்களையும் விமானிகளையும் கண்டிப்பாகச் சோதிக்கும் ஒரு துறையே மூன்று மணி நேரம் பொறுக்கும்போது, நம் ஊர் மெடிக்கல் சென்டர்கள் அரை மணி நேரம் பொறுக்கலாம்.

எங்கே போவது என்ற கேள்விக்கு நம் மாவட்டத்தில் பதில் தூரத்தில் இல்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குபவர்கள் முதலில் போனில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. மனநல மருத்துவர் என்றால் பைத்தியத்துக்குப் பார்ப்பவர் என்ற பழைய பேச்சுக்குப் பயந்து பத்து வருடத்தைத் தொலைப்பது மிகப் பெரிய விலை.

பல மருத்துவர்களே இதைத் தாங்களாகக் கேட்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: "வீட்டில் தனியாக இருக்கும்போது நன்றாகப் போகிறது. ஆள் பக்கத்தில் இருந்தால் வருவதில்லை. இத்தனை வருடமாக இப்படி இருக்கிறது. இதனால் இன்னின்ன இடங்களுக்குப் போவதை விட்டிருக்கிறேன்." போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் பெயரையும் கீழே எழுதுங்கள். சிறுநீரும் சர்க்கரையும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் போவதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பையில் மிச்சம் தங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன் அறைக் கழிப்பறையிலும் வராமல் போகலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடைப்பு இருப்பதாக ரிப்போர்ட் தவறாக வரும்.